தேவதைக் கதை டார்க் ரைடு: ஒரு காலிக் கிடங்கிலிருந்து தொடங்குவது எப்படி?

பொருட்காட்சிகளுக்குச் சென்று பழகியவர்களுக்கு ராட்டினமும் பேய் வீடும் புதியவை அல்ல. டார்க் ரைடு என்பது பேய் வீட்டின் உறவினர்தான் என்றாலும், அதில் நாம் நடப்பதில்லை. மூடிய கட்டடத்துக்குள் வண்டியில் அமர்ந்திருக்க, அந்த வண்டி நம்மை ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு ஏற்றிச் செல்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் வளைந்து நெளிந்து ஓடும் இத்தகைய வண்டிகளை 1928-இலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிரெட்சல் என்னும் நிறுவனம் செய்து விற்றது. 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, ஸ்னோ ஒயிட், பீட்டர் பான் உள்ளிட்ட கார்ட்டூன் படக் கதைகளை வைத்து அமைத்த சவாரிகள் இந்த வகைக்கு ஒரு முன்மாதிரியாயின.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில், பழைய மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றின் கிடங்கு காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 24 மீட்டர், அகலம் 15 மீட்டர், தகரக் கூரை. இந்த இடத்தில் ஸ்னோ ஒயிட் கதையை எப்படி வடிவமைப்பது என்பதே இந்தச் செய்முறையின் பொருள். பொம்மைகளை வரைவதில் தொடங்க எல்லோருக்கும் ஆசை வரும்; ஆனால் பயணியின் கண் எந்த நொடியில் எங்கே விழுகிறது என்பதை முடிவு செய்த பிறகுதான் பொம்மைக்கே வேலை வருகிறது. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே இப்படி அமைந்துள்ளது.

படி 1: கதையையும், பயணி யார் என்பதையும் முடிவு செய்யுங்கள்

ஸ்னோ ஒயிட் கதை ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. மந்திரக் கண்ணாடியிடம் தன் அழகைக் கேட்கும் அரசி, தன்னைவிட அழகான இளவரசி ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல நினைக்கிறாள்; காட்டுக்குள் ஓடிய இளவரசி குள்ளர் வீட்டில் தங்க, அரசி கிழவி வேடத்தில் வந்து நச்சு ஆப்பிளைக் கொடுக்கிறாள்; விழுந்துகிடக்கும் இளவரசியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். இந்தக் கதையை யாரும் பயன்படுத்தலாம். 1937-இல் வந்த திரைப்படத்தில் குள்ளர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்களும், அவர்களுடைய முகங்களும், இளவரசியின் உடையும் அவ்வாறு எடுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. எனவே படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டு, மூலக் கதையைப் படியுங்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு. படத்தில் இளவரசன் முத்தமிட்டதும் அவள் எழுகிறாள். கிரிம் கதையின் பிற்காலப் பதிப்பிலோ கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து செல்பவர்கள் இடறுகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. அந்த இடத்தில் தடத்தின் குறுக்கே ஒரு சிறிய மேடு வைத்தால், பெட்டி குலுங்கும் நொடியில் வண்டியும் குலுங்கும்.

பயணி யார் என்பதும் இப்போதே தெளிவாக வேண்டும். 1955-இல் அமைந்த சவாரியில் பயணியே ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆகையால் இளவரசியின் உருவத்தை உள்ளே வைக்கவில்லை. அது பலருக்குப் புரியாமல், அவள் எங்கே என்று கேட்டார்கள். 1983-இல் அந்தச் சவாரியை மாற்றிக் கட்டியபோது அவளையும் சேர்த்தார்கள். நம் ஊர்க் குழந்தைகள் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். பயணியைக் காட்டில் உடன் ஓடும் ஒரு துணையாகக் கொண்டு, இளவரசியை மூன்று இடங்களில் காட்டுங்கள்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

வண்டியின் வேகம் நொடிக்கு அரை மீட்டர், தடத்தின் நீளம் 90 மீட்டர் என்று கொண்டால், சவாரி 180 நொடிகளில், அதாவது 3 நிமிடத்தில் முடியும். 30 நொடிக்கு ஒரு வண்டி புறப்பட்டால் இரண்டு வண்டிகளுக்கு இடையே 15 மீட்டர் இருக்கும். எந்த நேரத்திலும் உள்ளே 6 வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஏறி இறங்கும் மேடையில் 2 வண்டிகள் தேவைப்படும். வண்டிக்கு 4 பேர் என்றால் மணிக்கு 480 பேர் என்று கணக்கு காட்டும். மூன்று பேர் கொண்ட குடும்பம் நான்காவது இருக்கையை விட்டுக்கொடுக்காது என்பதால் அந்த எண்ணிக்கையை நம்பி டிக்கெட் விலையை முடிவு செய்யாதீர்கள்.

அந்த 180 நொடிகளைச் சமமாகப் பங்கிட வேண்டாம். நுழைவுக்கு 10, அரசியின் கண்ணாடிக்கு 25, காட்டுக்கு 40, குள்ளர் வீட்டுக்கு 30, கிழவியும் ஆப்பிளும் தோன்றும் இடத்துக்கு 30, கண்ணாடிப் பெட்டிக்கு 25, வெளியேறும் வழிக்கு 20 என்பது என் பங்கீடு. காட்டுக்கு அதிகம் கொடுப்பதற்குக் காரணம், அங்கே கதை நகரத் தேவையில்லை; ஓடினால் போதும்.

படி 3: தடத்தை வளைத்து, பார்வையை அளந்து வையுங்கள்

இருட்டுக் கூடத்தில் நீளமான நேர்த்தடம் கூடாது. முன்னால் போகும் வண்டியின் முதுகு தெரிந்துவிட்டால் காடு கிடங்காகிவிடும். ஆகவே எந்த நேர்த்தடத்தையும் 8 மீட்டருக்குள் முடித்து, பிறகு திருப்புங்கள்.

திருப்பம் மறைப்பதற்கு மட்டும் உரியதல்ல. வண்டியின் பக்கவாட்டில் 3 மீட்டர் அகலத்தில் ஒரு காட்சியை வைத்தால், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அது 6 நொடியில் கடந்துபோகும். குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி போய்விடும். அதே காட்சியை 8 மீட்டர் நேர்த்தடத்தின் முடிவில், வண்டிக்கு நேர் எதிரே வைத்தால், 16 நொடிகள் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். எனவே கதைக்கு உயிரான கண்ணாடி, ஆப்பிள், பெட்டி ஆகிய மூன்றும் எதிரே வர வேண்டும். மரங்களும் பறவைகளும் சமையல் பாத்திரங்களும் பக்கவாட்டில் இருந்துகொள்ளலாம்.

எதிரே வரும் காட்சியையும் எடுத்த எடுப்பில் முழுதாகக் காட்டிவிடக் கூடாது. தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, ராஜ வேடக்காரர் அதன் பின்னே நின்று பாடுவதும், மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிவதும், கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே திரை விலகுவதும் இந்த வேலைக்கு நல்ல பாடம். கிழவியைக் காட்டும் முன் அவளுடைய நிழல் சுவரில் விழட்டும், தடியின் ஓசை கேட்கட்டும். பிறகு வண்டி திரும்பட்டும்.

கண்ணின் உயரத்தையும் மறக்க வேண்டாம். வண்டியில் அமர்ந்த பெரியவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 120 சென்டிமீட்டரிலும், குழந்தையின் கண் ஏறக்குறைய 1 மீட்டரிலும் இருக்கும். நின்றுகொண்டு பார்த்து அழகாக வைத்த ஆப்பிள், அந்தக் குழந்தைக்குக் கூடையின் அடிப்பாகமாகத் தெரியும்.

படி 4: அட்டையில் ஒரு மாதிரி செய்யுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரடியாகக் கணினி வரைபடத்துக்குப் போகிறவர்கள் பலர். அட்டை மாதிரிக்குச் செலவு குறைவு, திருத்துவதும் எளிது என்பதால் நான் இதையே விரும்புகிறேன். 20-க்கு 1 என்ற அளவில் கிடங்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாகச் சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். 3 மீட்டர் சுவர் 15 சென்டிமீட்டர் அட்டையாகும். தடத்தின் பாதை 1.8 மீட்டர் அகலம் என்றால் மாதிரியில் 9 சென்டிமீட்டர். ஒரு செல்போனை நிமிர்த்திப் பிடித்தால் அதற்குள் நுழையும்.

செல்போனைத் தலைகீழாகத் திருப்பினால் கேமரா அடிப்பக்கம் வந்துவிடும். அதன் கீழே 3 சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டை ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டினால், கேமராவின் கண் மேசையிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில், அதாவது குழந்தையின் கண் மட்டத்தில் நிற்கும். வீடியோவை ஓட விட்டு, நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் வீதம் தள்ளிக்கொண்டு போங்கள். பாதையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் வேகம் தவறாது. அறை விளக்கை அணைத்து, காட்சிக்கு ஒரு சிறு டார்ச் விளக்கைக் காட்டி எடுத்த அந்த 3 நிமிட வீடியோவை, பிறகு பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். எந்தச் சுவருக்கு மேலே அடுத்த அறை எட்டிப்பார்க்கிறது, எந்தத் திருப்பத்தில் ஒன்றுமே இல்லாமல் வெறும் கறுப்பு நீள்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியவரும்.

படி 5: ஒளியை அமையுங்கள்

கோடை நண்பகலில் கிருஷ்ணகிரி வெயிலிலிருந்து உள்ளே வருபவரின் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்களாவது ஆகும்; முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம். நம் சவாரியோ 3 நிமிடம்தான். எனவே வரிசையில் நிற்கும் இடத்தின் கடைசிப் பகுதியை மூடி, விளக்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; முதல் காட்சியைச் சற்று வெளிச்சமாகவே வைத்து, நுணுக்கமானவற்றைக் காட்டுக்குப் பின்னர் வையுங்கள்.

டார்க் ரைடின் பழைய ரகசியம் புற ஊதா விளக்கும் ஃபுளோரசன்ட் பெயின்ட்டும் ஆகும். அந்த விளக்கில் பெயின்ட் அடித்த இடம் மட்டும் ஒளிரும். பளபளப்பில்லாத மேட் கறுப்பு அடித்த பலகை, கம்பி, மோட்டார் எல்லாம் காணாமல் போகும். சாதாரண பிளைவுட் பலகையில் வெட்டிய மரம் ஆழமான காடாகத் தோன்றுவது இதனால்தான். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் அலைநீள விளக்குகளிலிருந்து ஊதா வெளிச்சம் கசிந்து சுவரையே காட்டிக்கொடுக்கும். 365 நானோமீட்டர் விளக்குக்கு விலை அதிகமானாலும் இருட்டு இருட்டாகவே இருக்கும். இன்னொரு சிக்கல், சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டும் பொருள் இந்த ஒளியில் நீலமாக ஒளிர்வது. வெள்ளை வேட்டி சட்டையில் வரும் தாத்தா ஒருவரே காட்டின் மிகப் பிரகாசமான உருவமாகிவிடுவார். ஆகவே விளக்குகளை வண்டிக்கு எதிர்ப்புறமாக, மறைப்புத் தகடு போட்டு, காட்சியை மட்டும் நோக்கித் திருப்புங்கள். பயணியின் கண்ணில் நேரடியாகப் புற ஊதா ஒளி படாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

படி 6: கண்ணாடியும் அசையும் கையும்

அரசியின் மந்திரக் கண்ணாடிக்கு 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிப் புகழ்பெற்ற உத்தியே போதும். அலங்காரச் சட்டத்துக்குப் பின்னால் உடையாத வகைக் கண்ணாடி ஒன்றை 45 பாகையில் சாய்த்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் மேட் கறுப்பு அடித்த சிறு அறையில், பயணிக்குத் தெரியாதபடி முகப் பொம்மையை வையுங்கள். அந்த அறையின் விளக்கு மெல்ல ஏறும்போது, கண்ணாடிக்கு அப்பால் ஆழத்தில் ஒரு முகம் மிதப்பதுபோல் தெரியும். விளக்கு இறங்கினால் வெறும் இருட்டு. அசையும் பாகம் ஒன்றுமே இல்லாததால் இது பழுதாவதும் அரிது. தூசி படிந்தால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும், ஆகவே தினமும் துடைக்க வேண்டும்.

கிழவி ஆப்பிளை நீட்டுவதற்கு நம் ஊர்ப் பந்தல் பொம்மைக்காரர்கள் பயன்படுத்தும் கார் வைப்பர் மோட்டாரே கைகொடுக்கும். அது நிமிடத்துக்கு 45 சுற்று அளவில் சுழலும். அப்படியே இணைத்தால் கிழவி ஆப்பிளை விற்கக் கூவுவதுபோல் கையை ஆட்டுவாள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைச் சேர்த்து, இயன்றவரை குறைத்து, ஒருமுறை நீட்டியதும் சில நொடி நிறுத்துங்கள். பயமுறுத்துவது அந்த நிறுத்தம்தான். சுதை வேலை தெரிந்தவர்களிடம் முகத்தைக் கொடுத்தால் காகிதக்கூழிலேயே அருமையாகச் செய்து தருவார்கள்.

வண்டியையும் தண்டவாளத்தையும் மட்டும் சொந்த முயற்சியில் செய்யாதீர்கள். ஓசூரில் திறமையான பட்டறைகள் பல உண்டு என்றாலும், பொறியாளரின் வடிவமைப்பும் சோதனைச் சான்றும் இல்லாமல் ஆட்களை ஏற்றக் கூடாது. தடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை பின்னால் வருவது தானாகவே நிற்கும்படி சென்சார் அமைக்கச் சொல்லுங்கள். உள்ளே 6 வண்டிகள் ஓடுகின்றன என்றால் பகுதிகள் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

படி 7: ஒலி

வசனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரே வண்டியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏறும். போதாக்குறைக்குச் சக்கர ஓசையும், மழை வந்தால் தகரக் கூரையின் சத்தமும் சேரும். காட்சிகளுக்குத் தனித்தனி இசை போடலாம், ஆனால் எல்லாம் ஒரே சுருதியிலும் ஒரே தாளத்திலும் இருக்கட்டும். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிஸ்னி அமைத்த படகுச் சவாரியில் எல்லா அறைகளுக்கும் ஒரே மெட்டுதான். ஆகையால் ஓர் அறையின் ஒலி அடுத்த அறைக்குக் கசிந்தாலும் காதில் உறுத்தவில்லை.

படி 8: தீ, மின்தடை, வெப்பம்

1979 ஜூன் 9 அன்று சிட்னி நகரின் லூனா பார்க்கில் பேய் ரயில் சவாரி தீப்பற்றியதில் 6 குழந்தைகளும் ஒரு பெரியவரும் இறந்தனர். ஆகவே நம் விழா மேடைகளில் தாராளமாகப் பயன்படும் தெர்மாகோலையும் பஞ்சு நுரையையும் இந்தக் கட்டடத்தின் வாசலுக்கே கொண்டுவராதீர்கள். கறுப்புத் துணிக்குத் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம். ஒரே பொத்தானில் வண்டிகள் நின்று, இசை அடங்கி, எல்லா வெள்ளை விளக்குகளும் எரிய வேண்டும். அந்த விளக்குகள் மின்சாரம் போனாலும் பேட்டரியில் எரிய வேண்டும். ஒவ்வொரு காட்சியிலிருந்தும் நடந்து வெளியேறும் கதவு எது என்பதை வரைபடத்திலேயே குறித்து, சுவர் எழுப்பும் முன் தீயணைப்புத் துறையினரிடமும் மின் ஆய்வாளரிடமும் காட்டி அனுமதி பெறுங்கள்.

தகரக் கூரைக்கு அடியில் மே மாதத்தில் 3 நிமிடம் என்பது நீண்ட நேரம். கூரைக்கு உட்புறம் வெப்பத்தடுப்பும், காற்று வெளியேறினாலும் வெளிச்சம் உள்ளே வராதபடி இரண்டு முறை வளைந்த புகைபோக்கிக் குழாய்களும் வையுங்கள்.

படி 9: சோதனை ஓட்டம்

திறப்பதற்கு முன், கதை தெரியாத ஐந்தாறு வயதுக் குழந்தைகள் சிலரைப் பெற்றோருடன் ஏற்றி இறக்குங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். ஆப்பிளை யார் கொடுத்தார் என்பது பல குழந்தைகளின் பேச்சில் விடுபட்டால், அங்கே இன்னொரு பொம்மையைச் சேர்க்கத் தோன்றும். அதற்கு முன், அருகில் உள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஆப்பிளின் மேல் விழும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, வேறு குழந்தைகளை ஏற்றிப் பாருங்கள்.