பேஸ்பால் ஷார்ட்ஸ்டாப்பின் கணக்கை எப்படிப் படிப்பது?

நான் மும்பையில் காங்கா லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். மழைக்காலத்தில் நடக்கும் லீக் அது, நோட்டின் ஓரம் எப்போதும் நமுத்துப்போய்த்தான் இருக்கும். கிரிக்கெட் நோட்டில் ஃபீல்டிங்குக்கென்று பெரிய இடம் கிடையாது. ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார், சரி. அவர் தடுத்த ரன்களை யார் எழுதினார்கள்? பேஸ்பாலில் ஒவ்வொரு அவுட்டிலும் யார் கை பட்டது என்று எழுதிவிடுவார்கள். அடித்தவர் ஓடி வரிசையாக மிதிக்க வேண்டிய மூலைகள்தான் பேஸ். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்புக்கு ஸ்கோர் அட்டையில் எண் 6. அவருடைய மொத்த வாழ்க்கையும் அந்தக் கணக்கில் இருக்கிறது. படிக்கும் முறைதான் வேறு.

முதலில் பேட்டிங் பக்கத்தை மூடிவிட்டு, ஃபீல்டிங் அட்டவணையில் அசிஸ்ட் என்ற பத்தியைப் பாருங்கள். உருண்டு வரும் பந்தை எடுத்து எறிந்து, அதனால் ஒருவர் அவுட்டானால் எறிந்தவருக்கு ஓர் அசிஸ்ட். ஷார்ட்ஸ்டாப்பின் பிழைப்பே அதுதான். ஆஸி ஸ்மித் என்ற அமெரிக்க ஷார்ட்ஸ்டாப் 1980இல் சான் டியேகோ அணியில் 621 அசிஸ்ட் எடுத்தார். ஒரே சீசனில் அதைத் தாண்டிய ஷார்ட்ஸ்டாப் இதுவரை இல்லை. 162 ஆட்டத்துக்கு வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 4. அதே வருடம் அவர் பேட்டிங் சராசரி வெறும் .230, அதாவது நூறு முறை அடிக்க வந்தால் 23 ஹிட்தான். பேட்டிங்கை மட்டும் பார்க்கிற தேர்வாளர் அவரைக் கழற்றிவிட்டிருப்பார். அவரோ அந்த வருடம் தொடங்கி வரிசையாக 13 கோல்டு கிளவ் வாங்கினார், சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது அது.

அடுத்தது எரர், அதாவது சாதாரணமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிடுவது அல்லது தப்பாக எறிவது. ஏமாற வைக்கும் பத்தி இது. கை எட்டாத பந்துக்கு எரர் போட மாட்டார்கள். ஆகவே நகராமல் நிற்பவருக்கு எரர் குறைவாகவும், ஓடி ஓடிப் பந்தைத் தொடுகிறவருக்கு அதிகமாகவும் இருக்கக்கூடும். டெரெக் ஜீட்டரின் 1993 கணக்கை எங்கள் மாட்டுங்கா கட்டடத்துப் பையனிடம் காட்டினேன்.

“56 எரரா மாமா? இவனைப் போய் டீம்ல வச்சுண்டாளா?”

“அப்போ அவனுக்கு 19 வயசுடா. சின்ன லீக். மூணு வருஷம் தள்ளிப் பாரு.”

1996இல் அவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நிரந்தர ஷார்ட்ஸ்டாப், பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம். அதற்காக அவருடைய 5 கோல்டு கிளவையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மேலாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுக் கொடுத்த விருது அது.

நம்பகமான வழி இது: அசிஸ்டையும் புட்அவுட்டையும் (கடைசியில் பந்தைக் கையில் வைத்து அவுட்டாக்கியது) கூட்டி, ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்பதால் 9ஆல் பெருக்கி, அவர் ஆடிய இன்னிங்ஸால் வகுக்கவும். வரும் எண்ணை அதே வருடத்து மற்ற ஷார்ட்ஸ்டாப்களோடு மட்டும் ஒப்பிடவும். இன்று ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்டாவது) மிகவும் கூடிவிட்டதால் தரையில் உருளும் பந்தே குறைவு. 1980ஐயும் இன்றையும் பக்கத்தில் வைத்தால் இன்றைய ஆள் சோம்பேறியாகத் தெரிவார்.

அப்புறம் முப்பது வயதுக்குப் பிந்தைய வரிகளில் எந்த இடத்தில் ஆடினார் என்று தேடுங்கள். ஷார்ட்ஸ்டாப்பாக இருந்த எர்னி பேங்க்ஸ் முதல் பேஸுக்குப் போனார். தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடிய கால் ரிப்கென் 1997இல் மூன்றாவது பேஸுக்கு நகர்ந்தார். ராபின் யவுன்ட்டுக்கு முப்பது கூட ஆகவில்லை, தோள் படுத்தியதால் 1985இல் வெளிக்களத்துக்குப் போனார், 1989இல் அங்கிருந்தே மீண்டும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். இடம் மாறுவது இறக்கம் என்று நினைக்க வேண்டாம். நாற்பது வயது வரை நகராமல் ஷார்ட்ஸ்டாப்பிலேயே நின்றவர் ஜீட்டர். அது அணிக்கு நல்லதா என்று கேட்டால், என் ஸ்கோரர் புத்தி இல்லை என்றுதான் சொல்லும்.

எண்களைப் பழகிய பின் நேரடி ஆட்டம் பாருங்கள். நியூயார்க்கில் கோடையில் மாலை 7 மணி நமக்கு விடிகாலை 4:30. எங்கள் கட்டடத்தில் தண்ணீர் வரும் நேரம், எப்படியும் எழுந்தாக வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். பந்து பேட்டில் பட்டதும் அழுத்தி, அடித்தவர் முதல் பேஸை மிதிக்கும்போது நிறுத்துங்கள். 90 அடி தூரம், பெரும்பாலும் 4 வினாடிக்குச் சற்று மேல். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் பந்தை அடைந்து, எடுத்து, குறுக்காக எறிந்தாக வேண்டும். 1985இல் ஸ்மித்தின் தோள் காயப்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் போகாமல், பந்தைச் சீக்கிரம் கையிலிருந்து விடுவித்துச் சமாளித்தார். அதனால் கைவலுவைவிடக் கால் எங்கே விழுகிறது, பந்து கிளவிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று கவனியுங்கள். கேமரா பெரும்பாலும் அவரைக் காட்டாது, ரீப்ளே வரும் வரை பொறுங்கள்.

இப்போது ஆடுபவர் வேண்டுமென்றால் பிரான்சிஸ்கோ லிண்டோரில் தொடங்கலாம். 2015இல் கிளீவ்லாந்தில் அறிமுகம், 2021 முதல் நியூயார்க் மெட்ஸ் அணி. இரண்டு அணிக் காலத்தையும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். கூட்டிப் போட்டால் ஒன்றும் பிடிபடாது.