டேனரி டச் பேனல்: ஃபர்ம்வேருக்கு முன்னால் கேபிள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோல் சுழலும் டிரம் பக்கத்து டச் பேனல் 'கம்யூனிகேஷன் எரர்' காட்டினால், ஃபர்ம்வேரை (பேனலுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை) மாற்றச் சொல்லித்தான் முதல் குரல் வரும். அதற்கு முன்னால் நெட்வொர்க்கைப் பாருங்கள். கேபிள் வழியாக ஃபர்ம்வேர் ஏறும்போது இணைப்பு பாதியில் அறுந்தால் பேனல் எழாமலே போகலாம்.

பேனல் சொருகியிருக்கும் நெட்வொர்க் சுவிட்சிலேயே லேப்டாப்பைச் சொருகி, பேனலுக்கு 1,000 பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். டிரம் ஓடும்போது ஒருமுறை, நிற்கும்போது ஒருமுறை. கம்பி இணைப்பில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. ஓடும்போது மட்டும் தவறினால் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கிளப்பும் மின் இரைச்சல் மேல் சந்தேகப்படுங்கள். லேன் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் கிடக்கும். குறைந்தது 20 செ.மீ. தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும் என்றால் 90 டிகிரியில் கடக்கட்டும்.

நிற்கும்போதும் தவறினால் ஆர்ஜே45 முனையைக் கழற்றி, வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். லைமிங்கில் (தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்புக் கட்டத்தில்) சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தத் தண்ணீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது செம்பைக் கறுப்பாக்கும். மலிவு கனெக்டரில் தங்க முலாம் பெயருக்குத்தான் இருக்கும், அதன் அடியிலேயே கறுப்பு ஏறிவிடும். பின்னைத் துடைத்துத் திரும்பச் சொருகினால் சில நாள் ஓடும், மறுபடி விழும். 50 மைக்ரோ இஞ்ச் தங்க முலாம் உள்ள கனெக்டர் போட்டு, சுவிட்சை கேஸ்கெட் உள்ள பெட்டிக்குள் வைத்து, கேபிள் நுழையும் ஓட்டைகளைக் கிளாண்டால் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடியால்) அடையுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வேண்டவே வேண்டாம். முழுச் செம்பு கேட்6 போடுங்கள். சுவிட்சிலிருந்து பேனல் வரை 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

பேனலுக்கு நிலையான ஐபி கொடுங்கள். ஆபீஸ் ரவுட்டர் 192.168.1.100 முதல் 200 வரை தானாக வழங்கினால், அதற்கு வெளியே 192.168.1.20 போல ஒன்றை வையுங்கள். பேனல் கேபிளைக் கழற்றிய பிறகும் பிங்குக்குப் பதில் வந்தால், அதே எண்ணை வேறு ஏதோ ஒரு கருவி வைத்திருக்கிறது.

கரண்ட் வந்ததும் அரை நிமிடம் எரர் காட்டிவிட்டுத் தானாகவே சரியாகிறதா? பேனலில் பழுது இருக்காது. மேனேஜ்டு சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப், அதாவது வட்டப் பாதை, விழாமல் காக்கும் வசதி), போர்ட்டைத் திறக்குமுன் 15 விநாடி கவனித்து, 15 விநாடி கற்றுக்கொள்ளும். பேனல், பிஎல்சி (டிரம்மை இயக்கும் கன்ட்ரோலர்) போர்ட்டுகளை மட்டும் எட்ஜ் போர்ட்டாக (கடைசிக் கருவி மட்டும் சொருகும் போர்ட்டாக) மாற்றினால் அந்தக் காத்திருப்பு போய்விடும். இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் இதைச் செய்யாதீர்கள். லூப் விழுந்தால் மொத்த நெட்வொர்க்கும் முடங்கும்.

இவ்வளவும் சரியான பிறகும் பேனல் உறைந்தால், அல்லது உங்கள் கோளாறு புது ஃபர்ம்வேரின் வெளியீட்டுக் குறிப்பில் இருந்தால், மாற்றலாம். டிரம் காலியாக இருக்கும் நாளில்தான். பேனல் இருண்டாலும் பிஎல்சி தன் வேலையை ஓட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் ஆப்பரேட்டருக்குக் கண் இருக்காது. உள்ளே தோல் இருக்கும்போது அது ஆபத்து.

முதலில் பேக்கப். ரெசிப்பிகளைத் தனியாக எடுங்கள்: தண்ணீர், சுண்ணாம்பு, குரோம் சதவீதங்களும் நேரங்களும் பேனல் மெமரியில் இருந்தால் அப்டேட்டில் அழியலாம். பேனலிலிருந்து எடுக்கும் பேக்கப் பல மாடல்களில் திரும்ப ஏற்ற மட்டுமே உதவும், அதைத் திருத்த முடியாது. அசல் புராஜெக்ட் ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் தொடங்காதீர்கள். புது ஃபர்ம்வேர் பழைய புராஜெக்டை ஏற்காவிட்டால், அந்த ஃபைலைப் புதிதாக கம்பைல் செய்துதான் மீளமுடியும். ஐபி, சப்நெட், இப்போதைய பதிப்பு எண் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபர்ம்வேர் ஃபைலின் எஸ்எச்ஏ-256 எண் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்), தயாரிப்பாளர் கொடுத்ததோடு பொருந்த வேண்டும். 32 ஜிபிக்கு மிகாத பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து அதிலிருந்து ஏற்றுங்கள்; வைஃபை வழியாக வேண்டாம். பேனலின் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளை) யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பழைய பதிப்பிலிருந்து நேராகத் தாவ முடியாத மாடல்களில், இடைப் பதிப்பை ஏற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். திரையில் முன்னேற்றப் பட்டை நகராமல் நின்றதுபோலத் தெரிந்தாலும் பவரை அணைக்காதீர்கள்.

ஏறியதும் ஐபியையும் பேனல் கடிகாரத்தையும் சரிபாருங்கள். ஒரு அலாரத்தை வேண்டுமென்றே எழுப்பி, திரையில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ரெசிப்பியை ஏற்றி, எண்களைப் பழைய தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறகு காலி டிரம்மை ஓடவிட்டு அதே 1,000 பிங். பழைய ஃபர்ம்வேர் ஃபைலை அழிக்காதீர்கள். புதுப் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.