வரம் கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்பு

யாங்கோனில் வளர்ந்த யாருக்கும் 'குதோ' என்ற சொல் தெரியாமல் இருக்காது. பர்மியர்கள் புண்ணியத்தை அப்படித்தான் சொல்வார்கள். விடிகாலையில் பிக்குகளுக்குச் சோறு போடுவது, புத்தர் சிலைக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது, வழிப்போக்கர்கள் குடிக்கத் தெருவோரம் தண்ணீர்ப் பானை வைப்பது, எல்லாம் குதோதான். பானை வைக்கும் அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் புண்ணியத்தைச் சேர்த்து வைக்கும் அதே கணக்கை நாம் சபைக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தவறியதில்லை, உபவாசம் விட்டதில்லை, அதனால் ஆண்டவர் என்னைத் தள்ளமாட்டார் என்று எத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள்! வேதாகமத்தில் எபேசியர் 2:8 இரட்சிப்பை 'தேவனுடைய ஈவு' என்கிறது, அடுத்த வசனம் அது கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறது, நற்கிரியைகளோ அதற்கும் பிறகு 10ஆம் வசனத்தில்தான் வருகின்றன. அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, பரிசுத்த ஆவியானவர் தரும் வரத்தை இரட்சிப்பின் சான்றிதழாக நினைப்பது. என் பெரியம்மா மகள் ஒரு உபவாச ஜெபத்துக்குப் போனாள், அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் பேசும் அறியாத மொழி, வரவில்லையென்றால் நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்று அங்கே ஒருவர் சொல்லிவிட, அன்று ராத்திரி முழுக்க அழுதாள். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று அப்போஸ்தலன் பவுலே கேட்கிறார் (1 கொரிந்தியர் 12:30). பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அது ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்று போதிக்கிறார்கள், ஆனால் அவர்களும் பெரும்பாலும் அபிஷேகத்தையும் இரட்சிப்பையும் வேறுபடுத்தித்தான் பேசுவார்கள். மத்தேயு 7:22, 23 இதற்கு மறுபக்கம்: தீர்க்கதரிசனம் சொன்னவர்களையும் பிசாசுகளைத் துரத்தினவர்களையும் பார்த்து இயேசு, ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்பேன் என்கிறார். எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் பயம் வரும்.

சரி, வரம் யாருக்காக? இங்கே நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பே கொஞ்சம் வழிமாற்றிவிடுகிறது. 1 கொரிந்தியர் 12:7இல் 'அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று' என்று இருப்பதால் வரம் என் நன்மைக்குத்தான் என்று படிக்கத் தோன்றும். கிரேக்க மூலத்தில் 'அவனவனுக்கு' என்பது கொடுக்கப்படுவதோடு சேர்கிறது, பிரயோஜனமோ பொதுவாக நிற்கிறது. முழு அதிகாரமும் ஒரே சரீரத்தின் அவயவங்களைப் பற்றியது என்பதால் அது எல்லாருடைய பிரயோஜனமும்தான். 1 பேதுரு 4:10இல் வரும் 'உக்கிராணக்காரர்' என்ற சொல்லைப் பாருங்கள். கல்யாண வீட்டில் உக்கிராணம் பார்க்கிறவர் கையில்தான் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இருக்கும், ஆனால் ஒரு மூட்டைகூட அவருடையது கிடையாது. பந்திக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கத்தான் சாவி.

மேடையில் தெரிவதை மட்டும் வரம் என்று எண்ணுவதும் நம்மிடம் நிறைய உண்டு. உதவி செய்வதும் நிர்வாகமும் 1 கொரிந்தியர் 12:28இல் குணமாக்குதலோடு ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. 1813இல் பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். கூட்டத்தை வைத்து அளந்தால் அவருக்கு என்ன வரம் இருந்தது என்போம்? அவர் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் கிடந்தபோது மனைவி ஆன் சாப்பாடு கொண்டுபோனார், வேதாகம மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். அதையும் வரம் என்றுதான் சொல்வேன்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, 'இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்' என்று மத்தேயு 10:8 சொல்லிவிட்டது, வரத்துக்கு விலை பேசிய மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது அப்போஸ்தலர் 8இல் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், காணிக்கைக் கவரை முதலில் வைத்தால்தான் உங்கள் பிள்ளைக்குத் தீர்க்கதரிசன வார்த்தை சொல்வேன் என்றார் என் அம்மாவிடம். உங்களிடமும் யாராவது அப்படிக் கேட்டால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அம்மா அன்று அதைத்தான் செய்தார்.