நோயாளியிடம் கிடைத்த வைரஸும் எலியிடம் கிடைத்த வைரஸும் ஒன்றா? ஹான்டா வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்

1993 மே மாதம், நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா சந்திக்கும் பகுதியில், திடமாக இருந்த இளைஞர்கள் திடீரென மூச்சுத்திணறி இறந்தார்கள். அவர்களின் திசுவில் கிடைத்த வைரஸ் மரபணுத் துண்டும், வீட்டைச் சுற்றிப் பொறிவைத்துப் பிடித்த டியர் மவுஸ் எலிகளில் கிடைத்ததும் பொருந்திப்போனதால்தான் நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. சின் நோம்ப்ரே என்கிற அந்த ஹான்டா வைரஸை வைத்தே பழகுவோம். லேப்டாப்பும் இணையமும் போதும்.

முதலில், மரபணுக்களின் எழுத்து வரிசைகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஜென்பேங்க் தளத்தில் வைரஸின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். ஹான்டாவின் மரபணு எஸ், எம், எல் என மூன்று துண்டுகளாக இருக்கும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான், மூன்றையும் கலந்து இறக்கிவிடுவார்கள். ஒரே எலியில் இரண்டு வகை வைரஸ் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளலாம், ஆகவே ஒவ்வொரு துண்டின் வரலாறும் வேறாக இருக்க வாய்ப்புண்டு. மேற்பரப்புப் புரதங்களுக்கான எம் துண்டை மட்டும் எடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வரிசைக்கும் இடம், ஓம்புயிர் (வைரஸ் யாரிடம் கிடைத்ததோ அந்த உயிர்), ஆண்டு தெரியும்படி பெயர் மாற்றுங்கள். தளத்தில் இருக்கும் பெயரில் என்எம்எச்10 என்றால் நியூ மெக்சிகோ நோயாளி, என்எம்ஆர்11 என்றால் அங்கே பிடித்த எலி. இந்த வேலை சலிப்பாக இருக்கும், ஆனால் இதைச் செய்யாமல் வரைந்த மரத்தை, அதாவது எந்த வைரஸ் எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப்படத்தை, படிக்கவே முடியாது.

மரத்துக்கு வேர் காட்ட, அதாவது அது எங்கிருந்து கிளைக்கிறது என்று காட்ட, சற்றே தூரத்து உறவான ஐரோப்பாவின் பூமலா வைரஸ் ஒன்றைச் சேருங்கள். 1964-இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் மூஞ்சூறில் கண்டெடுத்த தோட்டப்பாளையம் வைரஸைச் சேர்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் அது ரொம்ப தூரத்து உறவு, வரிசைகள் சரியாகப் பொருந்தாது.

சரி, இப்போது மெகா என்ற இலவச மென்பொருளில் திறந்து, கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துகள்) வாரியாக ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தி, இருபுற முனைகளையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். பிறகு வேறுபாட்டை நியூக்ளியோடைடிலும் (மரபணுவின் எழுத்து) அமினோ அமிலத்திலும் (புரதத்தின் அலகு) தனித்தனியே கணக்கிடுங்கள். முதலாவது நிறைய இருந்தும் இரண்டாவது மிகக் குறைவாக இருப்பதைப் பார்ப்பீர்கள், ஏனென்றால் மாற்றங்களில் பெரும்பாலானவை கோடானின் மூன்றாம் எழுத்தில் விழுந்து புரதத்தைத் தொடாமல் போய்விடுகின்றன.

கடைசியாக, தரவுக்கு மிகவும் பொருந்தும் மரத்தைத் தேடும் மேக்சிமம் லைக்லிஹுட் முறையில், பூட்ஸ்ட்ராப் 1000 கொடுத்து மரம் வரையுங்கள். பூட்ஸ்ட்ராப் என்பது தரவை மாற்றி மாற்றி எடுத்து மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, ஒரு கிளை நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பது. 70-க்குக் கீழே எண் விழுந்த கிளையை நான் நம்புவதில்லை.

படிக்கும்போது நோயாளியின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சின் நோம்ப்ரேயில் பெரும்பாலும் வேறு ஊர் நோயாளி நிற்கமாட்டார், அதே ஊர் எலிதான் நிற்கும். நோயாளிகளே ஒன்றாகக் கூடி நின்றால் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்று உடனே எழுதிவிடாதீர்கள், ஒரே வீட்டு எலிகளிடமிருந்து எல்லோருக்கும் வந்திருந்தாலும் மரம் இப்படித்தான் இருக்கும். அர்ஜென்டினாவின் எபுயேனில் 2018 இறுதியில் ஆண்டெஸ் என்ற இன்னொரு ஹான்டா வைரஸ் ஆளுக்கு ஆள் பரவியதை உறுதிசெய்ய, வரிசைகளோடு யார் யாரை எந்தத் தேதியில் சந்தித்தார் என்ற விவரமும் தேவைப்பட்டது.