பேரி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஐரிஷ் நடிகர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஆஸ்கரில் தொடங்கி ஆஸ்கரிலேயே முடிந்துவிடுகின்றன. முதல் தவறு அதுதான். 1888-இல் டப்ளினில் பிறந்தவர், இயக்குநர் ஜான் ஃபோர்டின் அழைப்பில் ஹாலிவுட் படத்தில் நடித்தது 1936-இல். அப்போது வயது 48. அதுவரையிலான மேடை வாழ்க்கையை “ஆரம்பகால நாடக அனுபவம்” என்று ஒற்றை வரியில் தாண்டிப்போவது அநியாயம்.

அந்தக் காலத்தில் பெரும்பகுதி அவர் முழுநேர நடிகரே அல்ல. பகலில் அரசு அலுவலக வேலை, மாலையில் டப்ளினின் அபே தியேட்டர் நாடக மேடை. இயற்பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். மேலதிகாரிகளிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் மேடைக்கு வேறு பெயர். அதை ஏதோ ஹாலிவுட் ஸ்டுடியோ சூட்டிய பெயர் என்று எழுதிவிடக் கூடாது. 1924-இல் ஐரிஷ் நாடகாசிரியர் ஷான் ஓ'கேசியின் ‘ஜூனோ அண்ட் தி பேகாக்’ நாடகத்தில் கேப்டன் பாயில் வேடம் அவருக்கு. வேலை என்று யாராவது வாயெடுத்தால் போதும், கால் வலி வந்துவிடும் குடிகார வாய்ச்சவடால் பேர்வழி அந்தக் கேப்டன். அப்படியொரு சோம்பேறியாக டப்ளினைச் சிரிக்க வைத்தவர், மறுநாள் காலை ஒழுங்காக அலுவலகம் போக வேண்டியிருந்தது! அரசு வேலையை அவர் விட்டது 1929-இல், ஓ'கேசியின் ‘தி சில்வர் டாஸி’ லண்டனில் மேடையேறியபோதுதான்.

அடுத்து, 1930-இல் ஹிட்ச்காக் ‘ஜூனோ’வைப் படமாக்கியபோதும் அவரே பாயில் என்று நினைத்துக்கொள்வது. மேடையில் ஜூனோவாக நடித்த சாரா ஆல்குட் படத்திலும் ஜூனோதான். ஆனால் பாயில் வேடம் எட்வர்ட் சாப்மனுக்குப் போனது. ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கிடைத்தது தொடக்கத்தில் கூட்டத்தின் நடுவே முழங்கும் ஒரு பேச்சாளர் வேடம்.

தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் பங்கெடுத்து, வேல்ஸிலுள்ள ஃபிரான்காக் முகாமில் அடைக்கப்பட்டவர் தம்பி, அண்ணன் அல்ல. ‘தி குயட் மேன்’ படத்தில் இருவரும் இருக்கிறார்கள்: கல்யாணத் தரகர் அண்ணன், ப்ராட்டஸ்டன்ட் பாதிரியார் தம்பி.

ஆஸ்கர் விஷயத்தில் “துணை நடிகர் விருது பெற்றார்” என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். 1944-இல் வெளியான ‘கோயிங் மை வே’யில் ஏற்ற ஒரே வேடத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என இரண்டு பிரிவிலும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. சிறந்த நடிகர் விருது அதே படத்தின் பிங் கிராஸ்பிக்குப் போனது. இந்த விசித்திரத்துக்குப் பிறகு, ஒரே வேடத்துக்கு இரண்டு பிரிவில் பரிந்துரை கூடாது என்று அகாடமி விதியையே மாற்றியது. போர்க்காலம் என்பதால் சிலையைப் பிளாஸ்டரில்தான் கொடுத்தார்கள். அதன் தலை இவர் வீட்டிலேயே கோல்ஃப் மட்டை பட்டு உடைந்தது.

செல்லக் கிழவர் வேடங்கள்தான் அவருக்கு வரும் என்ற முடிவும் அவசர முடிவே. 1948-இல் வந்த ‘தி நேக்கட் சிட்டி’யில் நியூயார்க் தெருக்களில் கொலையாளியைத் தேடும் போலீஸ் அதிகாரியாக அவரைப் பார்க்கலாம். 1945-இல் அகதா கிறிஸ்டி கதையான ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ படத்தில் நீதிபதி. அந்த நீதிபதியைப் பற்றி இதற்கு மேல் சொன்னால், படம் பார்க்காதவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.