அமெரிக்காவில் பிள்ளைகள், பெற்றோருக்கு விசா இல்லை: இப்போதே எழுதி வையுங்கள்

"என்னைப் பிடிச்சால் பிள்ளையை ஆர் பாப்பினம்?" என்று அக்கா நியூயோர்க்கிலிருந்து கேட்டபோது, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுத் திண்ணையில் இருந்த எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை. உங்கள் வீட்டிலும் இதே பயம் இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள்.

முதலில் பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவிலேயே ஓர் ஆளைத் தெரிவு செய்யுங்கள், முடிந்தால் குடியுரிமை உள்ளவராக. வாய்ச்சொல் போதாது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயோர்க்கில், தடுத்து வைக்கப்பட்டால் பிள்ளையைப் பொறுப்பேற்கும் பாதுகாவலரைப் பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் நியமிக்கலாம், 2018 முதல் குடிவரவுக் கைதும் அதற்குள் அடங்கும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பொறுப்பு தொடங்கி 60 நாட்களுக்குள் அந்தப் பாதுகாவலர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். இதனால் தாய் தகப்பனின் உரிமை போய்விடாது, அக்கா அதற்குத்தான் மிகவும் பயந்தாள். பத்திரத்தை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாகத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும், ஒருவர் தடுப்பில் இருந்தால் அலைச்சல்தான். பிள்ளை ஊருக்கு வரப் பாஸ்போர்ட் வேண்டும்.

அக்கா ஒரு கொப்பியில் மகளின் மருந்து, கச்சான் ஒவ்வாமை, லைட் அணைத்தால் நித்திரை வராது என்பதுவரை எழுதினாள். அதன் முதல் பக்கத்தில் தன் ஏ-நம்பர், அதாவது அமெரிக்கக் குடிவரவுத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் அடையாள இலக்கம். தடுப்பில் இருப்பவரைத் தேட அந்த இலக்கம் உதவும், ஒரு பிரதி அம்மம்மாவின் அலுமாரியிலும் இருக்கிறது.