ஆப்புக்குள் மைக்: அனுமதி கேட்பதிலிருந்து அழைப்பு முடியும் வரை

நான் பராமரிக்கிற ஆண்ட்ராய்டு ஆப் மளிகை மொத்த வியாபாரத்துக்கானது. சில்லறைக் கடைக்காரர் மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு "துவரம் பருப்பு ரெண்டு மூட்டை, உளுந்து ஒண்ணு" என்று சொல்லி அனுப்புவார். சந்தேகம் வந்தால் மொத்தக் கடையிலிருந்து அதே ஆப்பில் அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். குரல் பதிவு, குரல் அழைப்பு இரண்டுக்கும் மைக் ஒன்றுதான், ஆனால் எழுத வேண்டிய நிரல் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வேறு.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மைக் கிடைக்காவிட்டால் எரர் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஆண்ட்ராய்டு பல சமயம் எரர் தராது, வரிசையாகப் பூஜ்யங்களைத் தரும். ஆப் பதிவு செய்துகொண்டே இருக்கும், டைமர் ஓடும், கோப்பும் சேமிக்கப்படும். கேட்டால் ஒன்றும் இருக்காது.

அனுமதியில் தொடங்கலாம். ஆண்ட்ராய்டு 6-லிருந்து மைக் அனுமதியை ஆப் ஓடும்போதுதான் கேட்க வேண்டும். ஆப் திறந்தவுடனே கேட்காதீர்கள். எதற்கு என்று தெரியாமல் 'வேண்டாம்' அழுத்துவதுதான் மனித இயல்பு. ஆண்ட்ராய்டு 11-லிருந்து, இரண்டு முறை மறுத்துவிட்டால் சிஸ்டம் அந்தக் கேள்வியை மறுபடி காட்டவே காட்டாது. பயனர் மைக் பொத்தானைத் தொட்ட பிறகு கேளுங்கள், மறுத்தவருக்கு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போக ஒரு வழியும் வையுங்கள். அதே பதிப்பில் 'இந்த முறை மட்டும்' என்ற தேர்வும் வந்தது. அதனால் நேற்று அனுமதி இருந்ததே என்று நம்பாமல், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் சரிபாருங்கள்.

அடுத்து ஆடியோ சோர்ஸ், அதாவது மைக் ஒலியை எந்தத் தேவைக்கு எடுக்கிறோம் என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் தேர்வு. பலர் இதை யோசிக்காமல் காப்பி அடித்துவிடுவார்கள், ஒலியின் தரம் பாதி இங்கேதான் முடிவாகிறது. மனிதர் கேட்கப்போகிற குரல் பதிவு என்றால் 'மைக்' போதும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு அனுப்புவதாக இருந்தால் 'வாய்ஸ் ரெகக்னிஷன்' எடுங்கள். அதில் இரைச்சல் நீக்கமும் தானாக ஒலி கூட்டுவதும் இயல்பாக அணைந்திருக்க வேண்டும் என்பது போன் தயாரிப்பாளர்களுக்கான விதி. அழைப்புக்கு 'வாய்ஸ் கம்யூனிகேஷன்'. எதிரொலி நீக்கும் வசதி போனில் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் சோர்ஸ் இதுதான். இதையே குரல் பதிவுக்கும் போட்டால் சந்தைக் கூச்சலில் இரைச்சல் நீக்கி சொல்லின் கடைசி எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். ஆர்டரில் 'ரெண்டா, ரெண்டரையா' என்று போன் போட்டுக் கேட்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது: எல்லாக் கருவியிலும் நிச்சயம் வேலை செய்யும் என்று ஆண்ட்ராய்டு உறுதி தருவது 44,100-க்கு மட்டும்தான். பேச்சுக்கு 16,000 தாராளம். 16 பிட், ஒற்றைச் சானல் என்றால் நொடிக்கு 32,000 பைட், நிமிடத்துக்கு 2 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. குறைந்தபட்ச பஃபர் (ஒலி தற்காலிகமாகத் தங்கும் இடம்) அளவைக் கேட்கும் ஃபங்ஷனை 16,000 கொடுத்து அழைத்துப் பாருங்கள். எதிர்ம எண் வந்தால் 44,100-க்குப் போங்கள், சரியான அளவு வந்தால் அதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். பஃபரிலிருந்து ஒலியைப் படிக்கிற வேலையைத் தனி த்ரெட்டில் (ஆப்புக்குள் தனியாக ஓடும் வேலைச் சரம்), ஆடியோவுக்கான அவசர முன்னுரிமையோடு ஓட்டுங்கள். அந்த த்ரெட்டிலேயே நெட்வொர்க்குக்கு அனுப்புவது, டேட்டாபேஸில் எழுதுவது எல்லாம் வேண்டாம். படித்ததை ஒரு க்யூவில் போட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கட்டும்.

வேவ் கோப்பாகச் சேமிக்கிறீர்களா? அதன் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பு (ஹெடர்) வழக்கமாக 44 பைட், அதில் மொத்த நீளம் எழுதப்பட வேண்டும். பதிவின் நடுவே ஆப் செத்துப்போனால் தலைப்பில் தப்பான நீளம் நிற்கும். நான் முதலில் வெறும் பிசிஎம்மாக (தலைப்பில்லாத, சுருக்கப்படாத ஒலித் தரவாக) எழுதிவிட்டு, நிறுத்திய பிறகு தலைப்பைச் சேர்க்கிறேன். அரைகுறையாக நின்ற பதிவையும் அடுத்த முறை ஆப் திறக்கும்போது மீட்டுவிடலாம்.

இப்போது அந்தப் பூஜ்ய விவகாரம். பல வழிகளில் வரும். ஆண்ட்ராய்டு 9-லிருந்து, பின்னணிக்குப் போன ஆப்புக்கு மைக் கிடையாது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து இரண்டு ஆப்கள் ஒரே நேரத்தில் மைக்கைத் திறக்கலாம், ஆனால் குரல் யாருக்குப் போகும் என்பதை சிஸ்டம் முடிவு செய்யும். திரையில் தெரிகிற ஆப்புக்கு முன்னுரிமை, மற்றதுக்கு மௌனம். சிம் அழைப்பு ஒன்று வந்து பயனர் எடுத்துப் பேசினால், சாதாரண ஆப்பான உங்களுக்கு அது முடியும் வரை மௌனம்தான். ஆண்ட்ராய்டு 12-ல் வந்த குவிக் செட்டிங்ஸ் மைக் பொத்தானைப் பயனர் அணைத்து வைத்திருந்தாலும் அதே கதை.

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஆண்ட்ராய்டு 10-லிருந்து, ரெக்கார்டிங் கால்பேக்கை (பதிவு நிலை மாறினால் சிஸ்டம் கூப்பிடும் ஃபங்ஷன்) சிஸ்டத்தில் இணைத்து, 'ஈஸ் கிளையன்ட் சைலன்ஸ்ட்' (என் ஆப்புக்கு மௌனம்தான் வருகிறதா) என்று கேட்கலாம், உண்மையைச் சொல்லும். இன்னொன்று, பஃபரில் வருகிற அதிகபட்ச மதிப்பை நீங்களே கவனிப்பது. ஆளில்லாத அறையில்கூட மைக்கில் சிறு சலசலப்பு இருக்கும். இரண்டு நொடிக்கு மேல் சுத்தப் பூஜ்யமாகவே வந்தால் சந்தேகப்படுங்கள். இரைச்சல் நீக்கி வலுவாக வேலை செய்யும் போன்களில் பேச்சின் இடைவெளியில் கொஞ்ச நேரம் பூஜ்யம் வரலாம், அதனால் அரை நொடியில் பதற வேண்டாம். தெரிந்ததும் டைமரை நிறுத்தி, திரையில் 'உங்கள் குரல் பதிவாகவில்லை' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். படிக்கும் ஃபங்ஷன் தரும் எண்ணையும் பாருங்கள். எதிர்மமாக வந்தால் அது நிஜ எரர். -6 வந்தால் அந்த ரெக்கார்டர் செத்துவிட்டது, புதிதாக உருவாக்க வேண்டும்.

திரை அணைந்த பிறகும் மைக் வேண்டுமென்றால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்தான் (அறிவிப்பு காட்டியபடி ஓடும் சேவை) வழி. ஆண்ட்ராய்டு 11-லிருந்து அதன் வகையை 'மைக்ரோஃபோன்' என்று ஆப்பின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் அறிவிக்க வேண்டும். 14-ஐக் குறிவைக்கும் ஆப்புக்கு அந்த வகைக்கென்று தனி அனுமதியும் வேண்டும். ஆப் திரையில் இருக்கும்போதே சர்வீஸைத் தொடங்குங்கள். பின்னணியில் இருந்து தொடங்கப் பார்த்தால் 14-ல் செக்யூரிட்டி எக்செப்ஷன் என்ற எரர் விழும்.

அப்புறம் அழைப்பு. வரிசை முக்கியம்: ஆடியோ ஃபோகஸ் (இப்போது ஒலிக்கும் உரிமை) கேளுங்கள், போனின் ஆடியோ மோடை 'இன் கம்யூனிகேஷன்' ஆக்குங்கள், ஒலி எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள், கடைசியாக மைக்கைத் திறங்கள். ஒலிக்கவிடும் பக்கத்திலும் பயன்பாட்டு வகை 'வாய்ஸ் கம்யூனிகேஷன்' ஆக இருக்கட்டும். எதிரொலி நீக்கி வேலை செய்ய, ஸ்பீக்கரில் என்ன போகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் பல போன்களில் எதிராளிக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். முடிந்ததும் மோடை 'நார்மல்' ஆக்கி, தேர்ந்தெடுத்த கருவியையும் ஃபோகஸையும் விடுங்கள்.

ப்ளூடூத் இதில் தனித் தலைவலி. பாட்டுக்கான ப்ளூடூத் முறையான ஏ2டிபி ஒருவழிப் பாதை, அதில் மைக் கிடையாது. மைக் வேண்டுமென்றால் ஹெட்செட் பேச்சுக்கான எச்எஃப்பி முறைக்கு மாற வேண்டும், அங்கே ஒலியின் சாம்பிள் ரேட் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கும். "ஹெட்செட்டில் பேசினால் குரல் கரகரக்குது" என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். மாறுவதற்குக் கொஞ்சம் நேரமும் ஆகும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து 'செட் கம்யூனிகேஷன் டிவைஸ்' இருக்கிறது. அதைக் கூப்பிட்டு, கருவி மாறிவிட்டது என்று லிஸனர் (மாற்றத்தைக் கவனிக்கும் நிரல்) சொன்ன பிறகு பேசவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் 'ஹலோ' காணாமல் போகும். வெறும் குரல் பதிவுக்கு நான் ப்ளூடூத் பக்கமே போவதில்லை. போனின் சொந்த மைக்கே மேல்.

சிம் அழைப்பைப் பதிவு செய்ய முடியுமா என்று வாடிக்கையாளர் கண்டிப்பாகக் கேட்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்கான சோர்ஸ் சிஸ்டம் ஆப்களுக்கு மட்டும்தான். அக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி வசதி) வழியாகச் சுற்றிப் போவதையும் 2022 மே மாதத்தில் ப்ளே ஸ்டோர் தடை செய்தது. உங்கள் ஆப்பிலேயே நடக்கும் இணைய அழைப்பு என்றால் இரண்டு பக்க ஒலியும் உங்கள் கையில் இருக்கிறது. இருவருக்கும் சொல்லி, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யலாம்.

ஐஓஎஸ்ஸில் விதிகள் குறைவு, ஆனால் கறார். மைக் எதற்கு என்ற வாக்கியத்தை இன்ஃபோ கோப்பில் எழுதாவிட்டால் மைக்கைத் தொட்ட கணத்தில் ஆப் மூடிக்கொள்ளும். அழைப்புக்கு ஆடியோ செஷனின் வகை 'ப்ளே அண்ட் ரெக்கார்ட்', மோடு 'வாய்ஸ் சாட்'. கால்கிட் (அழைப்புத் திரையைக் காட்டும் ஆப்பிளின் வசதி) பயன்படுத்தினால் செஷனை நீங்களே ஆக்டிவேட் செய்யாதீர்கள். கால்கிட்டிலிருந்து 'டிட் ஆக்டிவேட்' வந்த பிறகுதான் ஒலியைத் தொடங்க வேண்டும். ஐஓஎஸ் 13-லிருந்து, விஓஐபி புஷ் (இணைய அழைப்பு வருகிறது என்று சர்வர் அனுப்பும் செய்தி) வந்தால் உடனே கால்கிட்டுக்கு அழைப்பைத் தெரிவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிஸ்டம் ஆப்பைக் கொன்றுவிடும்.

சோதனைக்கு எமுலேட்டரை (கணினியில் ஓடும் போலிப் போன்) நம்பாதீர்கள். இரண்டு நிஜ போன்களை வெவ்வேறு அறையில் வையுங்கள், பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும். பதிவு ஓடும்போது சிம் அழைப்பு வரச் செய்யுங்கள், மைக் பொத்தானை அணையுங்கள், ஹெட்செட்டைக் கழற்றுங்கள், வேறொரு ரெக்கார்டர் ஆப்பைத் திறங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே கணினியில் 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் ஆடியோ' (adb shell dumpsys audio) கட்டளையை ஓட்டினால், இப்போது எந்த மோடு, ஃபோகஸ் யாரிடம், எந்த ஆப் பதிவு செய்கிறது என்பதெல்லாம் வரும். அழைப்பு முடிந்த பிறகும் மோடு இன்னும் 'இன் கம்யூனிகேஷன்' என்று காட்டினால், அழைப்பை முடிக்கும் எல்லா வழிகளிலும், நெட் அறுந்து முடிவது உட்பட, மோடை 'நார்மல்' ஆக்கி ஃபோகஸை விடும் அந்தச் சுத்தம் செய்யும் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள்.